பதினோரு நிமிடம்

வெள்ளி மாலை, தார்த்துவில் மைனஸ் பதினேழு.
வாசல் சரிவில் உப்புக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
பதிவேட்டின்படி ஒரு சக்கர நாற்காலி.
வந்தது இரண்டு.
சமையலறை உப்பும் வெளியே போயிற்று.
சூப் சப்பென்று இருக்கிறதே என்றவர்களிடம்
நான் வாயைத் திறக்கவில்லை.

பழைய நூலாலை.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
எழுபத்து மூன்று பேர்
வெறுங்கையிலிருந்து ஒரு விளையாட்டைச் செய்தாக வேண்டும்.
இவ்வருடத் தலைப்பு: மிச்சம்.
குழு சேர்கையில் எவரும் மிச்சமாகி
சுவரோரம் நிற்க வேண்டாமென்று
சீட்டெழுதிக் குலுக்கினோம்.

விதிகளை வாசித்தேன்.
படம் எடுக்கப்பட விரும்பாதவர்கள்
அட்டையில் சிவப்பு வட்டம் ஒட்டிக்கொள்ளலாம்.
தூங்கப் போகிறவர்களைக் கேலி செய்யக் கூடாது.
(இதற்குத்தான் சிரித்தார்கள்.)
சுவரில் ஓர் எண்,
எந்நேரமும் அழைக்கலாம்.
அது என் கோட்டுப் பையில் இருந்தது.

இரண்டாம் இரவு, மூன்று பத்து.
கழிவறைக்குள்ளிருந்து சொலோமியா.
"அந்த வழிகாட்டி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார்.
தோளில் கை வைத்தார்.
எடுங்கள் என்றேன்.
மறுபடி வைத்தார்."
கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டும் சத்தம்.
"இதைச் சொன்னதால்
எங்கள் குழுவுக்கு மதிப்பெண் குறையுமா?"

அந்தக் கையைவிட
இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது.

அவர் பெயரை எழுதவில்லை. அவள் கேட்டுக்கொண்டது.
எல்லோரும் தின்ற பீட்சா அவர் நிறுவனத்தின் காசு.
தமாஷுக்குத்தானே, என்றார்.
அவர் கோட்டை எடுத்துக் கொடுத்தேன், மஃப்ளரையும்.
ஆளைக் குளிரில் தள்ள விதியில் இடமில்லை.
டாக்சி வரும்வரை பக்கத்தில் நின்றேன்.
எட்டு நிமிடம்.
எங்கள் மூச்சுப் புகை மட்டும்
ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தது, வெட்கமில்லாமல்.

ஞாயிறு, முடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
இணையம் செத்தது.
பதினோரு நிமிடம் கழித்து உயிர் வந்தது.
ரீன் கடிகாரத்தைப் பதினோரு நிமிடம் நீட்டினாள்,
எல்லோருக்கும்.
"நாங்கள் அப்போதே முடித்துவிட்டோம்,"
ஊலோ மேசைமுன் வந்து நின்றான்.
"முடிக்காதவனுக்கு நேரம் கொடுத்தால்
முடித்தவனுக்கு என்ன கொடுப்பீர்கள்?"
என்னிடம் பதில் இருந்தது.
சொல்லிப் பார்த்தபோது
பாதிதான் இருந்தது.

பிறகு ஊர்மஸின் மேசை.
அவருக்குக் கண் தெரியாது.
அவர் குழு செய்ததில் திரை முழுக்கக் கறுப்பு.
உறைந்த ஆற்றைக் கடக்க வேண்டும்,
பனிக்கட்டி எங்கே மெலிகிறதென்று
காதால் பார்த்து.
கூடத்திலோ திருவிழா இரைச்சல்.
நடுவர் அரை நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றினார்,
ஒன்றும் கேட்கவில்லை என்று.
'படம்: பத்துக்கு' என்ற கட்டத்தில்
சுழி போட்டார்.

அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு வரைந்தது
நான்.
உப்பை நினைத்தேன், வட்டத்தை நினைத்தேன்,
இதை நினைக்கவில்லை.

நாற்காலிமேல் ஏறி
ஏழு நிமிடம் அமைதி தாருங்கள் என்றேன்.
முதலில் மடிக்கணினியை மூடியது ஊலோ.
பெருந்தன்மையோ, தூக்கமோ, தெரியாது.
ஹெட்ஃபோன் கம்பியைப் பிடுங்கி
ஒலிபெருக்கியில் செருகினார்கள்.
ஓர் அடி. இன்னோர் அடி.
அடியில் தண்ணீர் புரண்டது.
எங்கோ மெல்லிய விரிசல்.
எழுபது பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு
நிற்பது போலிருந்தது.
நடுவர் மூன்று முறை மூழ்கினார்.
நான்காம் முறை
நடக்கும் முன் நின்று கேட்டார்.

சுழி சுழியாகவே இருந்தது.
நடுவழியில் கட்டத்தை அழித்தால்
இரவெல்லாம் கண்விழித்து வரைந்தவர்களுக்கு
நான் என்ன சொல்வேன்?
நான்காம் இடம்.
ஊர்மஸ் கைகுலுக்கியபோது
"அடுத்த வருடம் தாளை எனக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டுங்கள்," என்றார்.
சிரிக்கவில்லை.

திங்கள். தாவி கணக்கு எழுதினான்.
டாக்சி, பதினான்கு யூரோ.
எந்தத் தலைப்பில் போட?
போக்குவரத்து, என்றேன்.
எழுதியதை அடிக்கச் சொல்லி
உப்புக்குக் கீழே போடச் சொன்னேன்.